உப்பைக் குறைத்த ஊறுகாயில் வெள்ளை ஆடை, மாமியாருக்கு விடாத இருமல்

ஆயர் ஈத்தாம் மருமகள்:

இரண்டு கேள்விகள். இரண்டும் ஒரே சமையலறையிலிருந்து வருவதால் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

பினாங்கில் அக்டோபர் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணிவரை வெயில் ஆசை காட்டும். நம்பித் துணியை வெளியே போட்டால் மதியம் கொட்டித் தீர்க்கும். எங்கள் வீடு பதினோராவது மாடியில். வராந்தாவில் விழும் வெயிலே ஒரு முழம்தான்.

மூன்று வாரங்களுக்கு முன் 2 கிலோ எலுமிச்சை வாங்கி, நான்காக வெட்டி ஊறுகாய் போட்டேன். மாமியாரின் கணக்கு கிலோவுக்கு 200 கிராம் கல் உப்பு. அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதே என்று, அவருக்குத் தெரியாமல் மொத்தமே 150 கிராம்தான் போட்டேன். இப்போது மேலே மிதக்கும் துண்டுகளின்மீது பாலாடை போல ஒன்று படிந்திருக்கிறது. சுரண்டிப் பார்த்தால் வழுவழுப்பு. பூஞ்சையின் ரோமம் இல்லை, நாற்றமும் இல்லை. ஆனால் துண்டுகள் குழையத் தொடங்கிவிட்டன. காப்பாற்ற முடியுமா? அடுத்த முறை சோடியம் குறைந்த, பொட்டாசியம் கலந்த உப்பில் போடலாமா? ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்தது மாமியார். வயது 71. ஐந்து வாரங்களாக வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இரவில் படுத்ததும் தொண்டையில் மயிர் சிக்கியது போலச் செருமத் தொடங்குவார். ஈரத் துணியை வீட்டுக்குள் காயப்போடுவதால்தான் என்கிறார், அதாவது, என்னால்தான். லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையின் சாற்றில் தேன், இஞ்சிக் கஷாயம், நெஞ்சுக்குத் தைலம் எல்லாம் ஆயிற்று. உப்பில் ஊறிய எலுமிச்சையை வெந்நீரில் கரைத்துக் குடித்தால் நின்றுவிடும் என்று ஜாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஜாடியின் கதியைத்தான் மேலே சொன்னேன்.

பட்டர்வொர்த் பாட்டி:

அம்மா மருமகளே, ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டும் என்றா நினைத்தாய்? வாசலில் நிற்கும் காவல்காரனே அதுதான். 400 கிராம் போட வேண்டிய இடத்தில் 150 போட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள். ஆடை மட்டும் என்றால் வழித்துப் போட்டுவிட்டு உப்பைக் கூட்டச் சொல்லியிருப்பேன். துண்டு குழைந்துவிட்டது என்கிறாய். கொட்டிவிடு. இரண்டு கிலோ எலுமிச்சைக்காக வயதானவர் வயிற்றோடு விளையாட வேண்டாம்.

வெயிலைப் பற்றிக் கவலைப்படாதே. வற்றலுக்குத்தான் வெயில் வேண்டும். அதைத் தைப்பூச வெயிலுக்கு ஒத்திப்போடு. உப்பில் ஊறுவதற்கு வெயில் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. பழத்தைக் கழுவியதும் ஒவ்வொன்றாகத் துடைத்து, மின்விசிறியின் கீழே ஒரு ராத்திரி ஆறவிடு. கண்ணாடி ஜாடியில் ஈரமே இருக்கக் கூடாது. முதல் பத்து நாள் தினமும் குலுக்கு. விடும் சாற்றுக்குள் துண்டுகள் முங்கியே இருக்க வேண்டும், தலை தூக்கினால் ஆடை கட்டும். ஈரக் கரண்டியோடு வருகிறவர் உன் வீட்டுக்காரராக இருந்தாலும் விடாதே.

அதுவரை வாய் நமநமக்கிறது என்று சௌராஸ்தா சந்தைக்குப் போய் ஜாதிக்காய் ஊறல் வாங்கிக் கொடுத்துவிடாதே. அதில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:

ஊறுகாய்க்குப் பாட்டி சொன்னதே தீர்ப்பு. நான் இருமலுக்கு வருகிறேன். மாமியார் ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? பெயர் 'ப்ரில்' என்று முடிகிறதா? எப்போது தொடங்கினார்கள்? பதில் தெரியும்வரை அந்தப் பொட்டாசிய உப்பைப் பிரிக்க வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் மருமகள்:

அட்டையைப் பார்த்தேன். பெரிண்டோப்ரில் 4 மில்லிகிராம். ஆகஸ்டில் பழைய மாத்திரையை மாற்றி இதைக் கொடுத்தார்கள். இருமல் செப்டம்பரில் வந்தது. உப்புப் பொட்டலத்தை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:

நினைத்தேன். பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போன்றவை நல்ல மருந்துகள்தாம். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கின்றன. ஆனால் உடலில் பிராடிகைனின் என்ற பொருள் சிதைவதை இவை தடுப்பதால், அது மூச்சுக்குழாயில் தேங்கிச் சிலருக்கு இப்படிச் சளியில்லாத இருமலைக் கிளப்பும். தொடங்கிய சில நாட்களிலும் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம். தேனும் இஞ்சியும் இதை நிறுத்தாது.

உங்கள் மாமியாருக்கு இதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள், அழுத்தம் எகிறிவிடும். அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் இரண்டு தேதிகளையும் சொல்லுங்கள். மருந்துதான் காரணம் என்றால் லோசார்டான் வகைக்கு மாற்றுவது வழக்கம். அதில் இந்த இருமல் அபூர்வம். மாற்றினாலும் மறுநாளே நிற்காது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும்.

பொட்டாசிய உப்பு: இந்த மாத்திரைகள், லோசார்டானும் சேர்த்து, ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. மேலே உப்பிலிருந்தும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். சிறுநீரகம் தளர்ந்த வயதில் இன்னும் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. மாமியாரின் அளவுப்படி போட்ட ஊறுகாயில் 10 கிராம் துண்டு ஒன்றில் ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. ஜாடியில் உப்பைக் குறைக்காதீர்கள், தட்டில் துண்டைக் குறையுங்கள்.

செந்தூல்காரன்:

ஒரு வார்த்தை. என் அப்பாவின் இருமலை மழை, தூசி, சிகரெட் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம். காசநோய் என்று தெரிந்தபோது எடை பாதியாகிவிட்டது போலிருந்தார். ஆறு மாத மருந்தில் குணமானார். மாத்திரைமீது சந்தேகம் இருந்தாலும் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அக்கா.

ஆயர் ஈத்தாம் மருமகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இரண்டிலும் ஒன்றுமில்லை. மருத்துவர் தேதிகளைக் கேட்டதும் லோசார்டானுக்கு மாற்றினார். பத்து நாள் வரை வித்தியாசமே இல்லை. மாமியார் "ஈரத் துணிதான்" என்று வெற்றிப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் குறைந்தது. நேற்று இரவு இருமவில்லை. குறட்டை விட்டார், அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை.

பழைய ஜாடியைக் கொட்டிவிட்டு, பாட்டி சொன்னபடி 400 கிராம் உப்போடு புதிதாகப் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு அரைத் துண்டு, கஞ்சிக்கு மட்டும் என்று பேச்சு. உப்பைக் குறைத்ததை ஒப்புக்கொண்டபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. முதல் வாரமே கரண்டியால் எடுத்து ருசி பார்த்துவிட்டாராம். ஈரக் கரண்டியா என்று கேட்டேன். பதில் வரவில்லை.