கிரீன் கார்டு பயத்தில் மருத்துவ உதவியை விட்டவர்கள்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஒஹாயோவிலிருந்து:
2019 கடைசியில், பக்கத்து அபார்ட்மெண்டில் ஒரு ஆராய்ச்சி மாணவர் குடும்பம் இருந்தது. அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பால், முட்டை தரும் ‘விக்’ திட்டத்திலிருந்து திடீரென்று விலகிவிட்டார். “பப்ளிக் சார்ஜ்னு முத்திரை குத்திட்டா கிரீன் கார்டே வராதாம்க்கா” என்றார். அரசு உதவியையே நம்பி வாழக்கூடியவர் என்று கருதினால் கிரீன் கார்டை மறுக்கலாம் என்பதுதான் அந்த ‘பப்ளிக் சார்ஜ்’ விதி. டிரம்ப் அரசு கடுமையாக்கிய விதியில்கூட விக் இல்லை. கர்ப்பிணிகளும் 21 வயதுக்குட்பட்டவர்களும் பெறும் மெடிக்கெய்டுக்கும் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அதில் விலக்கு இருந்தது. எவ்வளவு சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வரியைத்தான் நம்பினார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சாப்பாட்டை விட வைத்த அந்தப் பயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

டெக்சாஸிலிருந்து:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். 2020இல் விண்ணப்பித்தபோது ஐ-944 என்று ஒரு படிவம். கிரெடிட் ஸ்கோர், கடன், காப்பீடு எல்லாவற்றையும் கேட்டார்கள். மகன் இங்கே பிறந்த குடிமகன், ஆஸ்துமா உண்டு. அவன் வாங்கும் உதவி எங்கள் கணக்கில் வராது என்று வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் என் மனைவி அவனுடைய ‘சிப்’ என்ற, குழந்தைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டாள். இன்ஹேலரைக் கைக்காசில் வாங்கினோம். 2021 மார்ச்சில் அந்த விதியும் படிவமும் போன பிறகுதான் திரும்பச் சேர்த்தோம்.

நியூ ஜெர்சியிலிருந்து:
நான் ஒரு சமூகக் கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறேன். 2022 டிசம்பரில் வந்த விதிப்படி, வருமானத்துக்காகப் பெறும் ரொக்க உதவியும், அரசுச் செலவில் பராமரிப்பு இல்லத்தில் நீண்டகாலம் தங்குவதும்தான் கணக்கு. சாதாரண மெடிக்கெய்டு அதில் சேராது. 2025 நவம்பரில் அந்த விதியையே நீக்க முன்மொழிவு வந்தது. அதே ஆண்டு மெடிக்கெய்டு தகவல்கள் குடிவரவுத் துறைக்குப் போன செய்தியும் வந்ததிலிருந்து, தடுப்பூசிக்கு வரும் அம்மாக்கள்கூட முகவரி எழுதத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அகதிகளுக்கு இந்த பப்ளிக் சார்ஜ் சோதனை கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் கிடையாது. குழந்தையின் காப்பீட்டை நிறுத்தும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இலவச சட்ட உதவி மையங்களிலும் கேட்கலாம்.