குளிர்காலத்தில் என்ன பியர் காய்ச்சுகிறீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்கார்பரோ
ஜனவரியில் ஓட்மீல் ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர் போடலாம் என்று சாமான் வாங்கப் போயிருந்தேன். முளைகட்டிய பார்லியான மால்ட், வறுத்த பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, மிதமான சூட்டில் நொதிக்கிற ஏல் ஈஸ்ட் எல்லாம் கவுண்டரில் வைத்தாயிற்று. கடைக்காரர் பெரியவர், ஒரே கேள்விதான் கேட்டார்: "விடிகாலை மூன்று மணிக்கு உங்கள் கோல்ட் ரூம் எத்தனை டிகிரி இருக்கும்?" 12 என்றேன். ஒன்றும் பேசாமல் ஏல் ஈஸ்ட்டைத் திரும்ப ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, குளிரில் வேலை செய்கிற டபிள்யூ-34/70 என்கிற லாகர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட்டை என் முன்னால் தள்ளினார். ஸ்டவுட் வாங்கப் போனவன் பில்ஸ்னர் என்கிற வெளிர் நிற லாகருக்கான சாமானோடு வீடு வந்தேன். பியர் சுத்தமாக, நன்றாகவே வந்தது. ஆனால் நான் ஆசைப்பட்டது ஸ்டவுட் ஆயிற்றே. அறைக்கு ஏற்ற பியரைப் போடுவதா, ஆசைப்பட்ட பியருக்கு ஏற்ற மாதிரி அறையை மாற்றுவதா? நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

கால்கரி
கடைக்காரர் பாதிதான் சொல்லியிருக்கிறார். என் நண்பர் டிசம்பர் தொடக்கத்தில் கராஜில் போட்ட லாகரைப் பொங்கலன்று திறந்தார். பொன் நிறம், நுரையும் அப்படியே நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசம், டயாசிடைலேதான். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். அவரோ என்னையே பார்க்கிறார், நானும் காய்ச்சுகிறவன் என்பதால் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் அவருக்கு. நன்றாக இருக்கிறது என்றேன். இந்த வருடமும் அதே முறையில் போட்டிருக்கிறார், இன்னும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. குளிரிலேயே விட்டால் ஈஸ்ட், தான் உண்டாக்கிய டயாசிடைலைத் தின்று முடிக்காமலே அடங்கிவிடுகிறது. கடைசியில் இரண்டு மூன்று நாள் 16, 18 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், அதன் பிறகுதான் குளிரில் ஆற வைக்க வேண்டும்.

பெர்கன்
குளிர் என்றால் லாகர் என்று யார் சொன்னது? இங்கே நார்வேயில் வாஸ் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் காய்ச்சுவதைப் பார்த்தேன். வெளியே முழங்கால் அளவு பனி. ஜூனிப்பர் கிளை ஊறிய தண்ணீரில் மால்ட், மணிக்கணக்காகக் கொதி, அப்புறம் கிட்டத்தட்ட 39 டிகிரியில் க்வைக் என்கிற நார்வே பண்ணை ஈஸ்ட்டை ஊற்றினார்கள். நம் ஏல் ஈஸ்ட்டுக்கு அந்தச் சூட்டைக் காட்டினால் பியர் கெட்டுப்போகும். பாத்திரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தேன், குளிக்கிற வெந்நீர் போல இருந்தது. மறுநாள் மாலையே நுரை இறங்க ஆரம்பித்துவிட்டது, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசம், இரண்டாம் நாள் குடிக்கக் கொடுத்தார்கள். ஸ்கார்பரோ அண்ணா, அந்த வீட்டு நிலவறை உங்கள் கோல்ட் ரூமை விடக் குளிர். கடைக்காரர் கேட்ட கேள்வியே தப்பு. போர்வையால் சுற்றி வையுங்கள், நொதிக்கும்போது வருகிற சூடே போதும்.

கிளாஸ்கோ
பெர்கன் சொல்வது பெரிய பாத்திரத்துக்குச் சரி. 20 லிட்டர் வாளியில் அந்தச் சூடு ஒரு ராத்திரிகூட நிற்காது, நிறை குறைந்தால் வெப்பம் சீக்கிரம் ஓடிவிடும். இங்கே ராத்திரி ஹீட்டிங் நின்றுவிடும். மாலையில் 20, காலையில் 13. ஒருநாள் காலை பிரவுன் ஏல் வாளியின் ஏர்லாக்கில், அதாவது வாயு வெளியேறுகிற தண்ணீர் அடைப்பில், ஒரு குமிழி இல்லை, அந்த அமைதி இன்னும் மறக்கவில்லை. ஈஸ்ட்டுக்குக் குளிரை விட மோசம் இந்த ஏற்ற இறக்கம்தான். அதனால் கடைக்காரர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. பவேரியாவில் 1553-இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே கூடாது என்று சட்டம் போட்டார்கள், குளிரில் வேலை செய்கிற ஈஸ்ட் அங்கே நிலைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பத்தை அளக்காதீர்கள், சென்சாரை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி மேலே துண்டை மடித்து மூடி அளந்து பாருங்கள், நொதிக்கும்போது உள்ளே சில டிகிரி கூடுதலாக இருக்கும். பெரிய தொட்டித் தண்ணீரில் வாளியை இறக்கி மீன்தொட்டி ஹீட்டர் போட்டால் வெப்பம் ஆடாமல் நிற்கும். நிலையாக 16 கிடைத்தால் கோல்ஷ் அல்லது ஆல்ட்பியர் போடலாம், இரண்டும் குளிர்ந்த சூட்டில் நொதிக்கிற ஜெர்மன் ஏல்கள். கொதித்ததை ஆற்றிய செம்புச் சுருளில் தண்ணீரை விட்டு வைக்காதீர்கள், உறைந்தால் வெடித்துவிடும். வாளியைச் சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றும்போது ஏர்லாக் தண்ணீர் உள்ளே இழுபடும், முதலிலேயே கழற்றி அடைத்துவிடுங்கள். ஸ்கார்பரோ நண்பரே, கறுப்புதான் வேண்டுமென்றால் அதே லாகர் ஈஸ்ட்டில் பால்டிக் போர்ட்டர் போடலாமே. வறுத்த பார்லிக்குப் பதில் உமி நீக்கிய கறுப்பு மால்ட், அப்போது கரிக்கசப்பு வராது. கனமான பியர், ஈஸ்ட் இரண்டு பாக்கெட் போதாது.

மிசிசாகா
ஏர்லாக் அமைதி என்றதும் அத்தான் வீடு ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் அவருடைய ஸ்டவுட்டின் அடர்த்தி 1.022-இல் நின்றுவிட்டது, அதாவது இன்னும் சர்க்கரை மிச்சம். முடிந்துவிட்டது என்று நினைத்து சர்க்கரை போட்டு பாட்டிலில் அடைத்தார். மே மாதம் வீடு சூடானதும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் எழுந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், கீழே ஒரு சத்தம், அப்புறம் அடுக்கடுக்காக. போய்ப் பார்த்தால் கண்ணாடித் துண்டு பிள்ளையின் சைக்கிள் சீட்டில் குத்தி நிற்கிறது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். குளிரில் அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே அளவு காட்டினாலும் நம்பாதீர்கள். ஏல் என்றால் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து சில நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

ஸ்கார்பரோ
பால்டிக் போர்ட்டர் என்று யோசிக்கவே இல்லை, அதையே போடுகிறேன், ஈஸ்ட் நான்கு பாக்கெட்டாக வாங்கிவிடுகிறேன். கால்கரி நண்பரே, அவரிடம் சொல்லிவிடுங்கள். போன பியரைப் பற்றிப் பேசவே வேண்டாம், இந்தத் தடவை கடைசி மூன்று நாள் வாளியைச் சமையலறையில் வைத்துப் பாருங்களேன் என்று சொன்னால் போதும்.