ஒரு அடி அடிக்கவா ஆறு வருஷம் மிருதங்கம்?

சின்சினாட்டி_அப்பா:
பையனுக்குப் பதினைந்து வயது. ஆறு வருஷம் மிருதங்கம் கற்றவன். பள்ளியின் குளிர்கால டிரம்லைனில், அதாவது நடந்தபடி வாசிக்கும் டிரம் குழுவில், ஸ்நேர் என்கிற சின்ன டிரம்முக்கு முயன்றான். கிடைத்தது பேஸ் என்கிற பெரிய டிரம், ஐந்தில் இரண்டாவது. சனிக்கிழமை காலை போனால் இருட்டிய பிறகுதான் வருகிறான். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ரப்பர் பேடை வைத்துப் பழகுகிறான். 'டொக்'. அப்புறம் அமைதி. அப்புறம் 'டொக் டொக்'. சரியாக மூடாத குழாய் மாதிரி. முழுசா வாசிச்சுக் காட்டுடா என்றால், "இதுதாம்பா முழுசு" என்கிறான். ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த என் அப்பா, "இதுக்கா வாத்தியாருக்கு அவ்வளவு ஃபீஸ் கட்டினே?" என்று கேட்டுவிட்டார்.

கை போதவில்லை என்று ஓரம் கட்டிவிட்டார்களா? பள்ளியில் போய்ப் பேசலாமா?

மூணாம்_பேஸ்:
ஐயோ சார், போய்விடாதீர்கள். பையன் அப்புறம் தலை நிமிர்ந்து அங்கே போக முடியாது. நான் மூன்று சீசன் மூன்றாம் பேஸ் சுமந்தவன்.

ஸ்நேர் வரிசையில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே பகுதியை வாசிப்பார்கள். பேஸ் அப்படி இல்லை. ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு சுருதி. முதலாவது சின்னது, கணீரென்று இருக்கும்; ஐந்தாவது வயிற்றில் இடிக்கும். ஓடும் ஒரு சொற்கட்டை ஐந்து பேருக்கும் பிய்த்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் பையனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 'தகதிமி'யை நாலு பேர் சொல்ல வேண்டும், ஆளுக்கு ஓர் எழுத்து. கேட்பவர் காதில் ஒருவர் சொன்னதாக விழ வேண்டும். நிமிஷத்துக்கு 160 தட்டு வேகத்தில் தட்டுக்கு நாலு எழுத்து என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்து ஆள் அடித்ததைக் கேட்டுவிட்டு அடித்தால் தாமதம்தான். எல்லோருடைய எழுத்தும் மனசுக்குள் ஓட வேண்டும், நம் முறை வரும்போது மட்டும் கை இறங்க வேண்டும். உங்கள் வீட்டு மேஜையில் கேட்கும் அந்த அமைதியில் பையன் சும்மா இருக்கவில்லை சார்.

ஸ்நேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் சமாளிப்பார்கள். இரண்டாம் பேஸ் வராவிட்டால் வரியில் ஓட்டை விழும். இதெல்லாம் டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தபடி. ஐந்தாம் பேஸ்காரன் தன் பாதத்தையே பார்க்க முடியாது, பாவம்.

கொடி_அம்மா:
என் பெண் கலர் கார்டு, கொடி சுழற்றி ஆடும் குழு. ரைஃபிள் சுழற்றுகிறாள் என்று சொன்னதும் திருநெல்வேலியில் மாமியார் அழுதே விட்டார். மரக்கட்டைதான் என்று படம் அனுப்பிய பிறகுதான் அடங்கினார்.

அண்ணா, ஒன்று சொல்ல விட்டுவிட்டார்கள். உங்களையும் வேலைக்குப் பிடிப்பார்கள். ஜிம் தரை முழுக்க விரிக்கும் அந்த வினைல் விரிப்பு இருக்கிறதே, அப்பா அம்மாக்கள் சேர்ந்துதான் இழுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மடித்துக்கொண்டு ஓட வேண்டும்; நேரம் தாண்டினால் மதிப்பெண் குறையும். முழங்கால் உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் டபிள்யூஜிஐ சாம்பியன்ஷிப் போட்டிக்கு டேட்டன் போகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், உங்களுக்கு ஒரு மணி நேரம்தானே. போட்டியை நடத்தும் டபிள்யூஜிஐ அமைப்பு 1977இல் எங்கள் கொடிக் குழுக்களுக்காகத் தொடங்கியது. டிரம்லைன் 1993இல், காற்றிசைக் குழுக்கள் 2015இல் வந்து சேர்ந்தன. ஆக மூத்தவர்கள் நாங்கள்தான்.

சின்சினாட்டி_அப்பா:
பள்ளிக்குப் போகவில்லை. நேற்று ராத்திரி தோசைக்கு நடுவே தகதிமியைச் சோதித்தோம். நான் 'த', மனைவி 'க', பையன் 'தி', சின்னவள் 'மி'. மெதுவாகச் சொன்னபோது வந்தது. பையன் போனில் மெட்ரோனோமைக் கூட்டினான். நான் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தேன். "அப்பா, நீங்க கேட்டுட்டுச் சொல்றீங்க" என்றான்.

முழங்கால் உறை எந்தக் கடையில் நன்றாக இருக்கும்?