வாசகசாலைக்கு சொந்த ஜிபியு பெட்டியா, கம்பெனி ஏபிஐயா? ஏஐ அதிகாரம் யார் கையில்? (ஏரியா பெயரைப் புனைபெயராக வைத்த மூன்று பேரின் வாதம்)

பேசின்பிரிட்ஜ்: வியாசர்பாடியில் ஒரு வாசகசாலையில் பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் மனு எழுதித் தர ஏஐ வைக்கும் யோசனை ஓடுகிறது. கம்பெனி சர்வரில் ஓடும் ஏஐயை இணையம் வழியாகக் கேட்கும் ஏபிஐக்கு மாதாமாதம் பணம் கட்டலாம், இல்லை ஜிபியு (ஏஐ கணக்கு போடும் கார்டு) பொருத்திய பெட்டி வாங்கி ஓப்பன் வெயிட் மாடல் ஓட்டலாம்; வெயிட் என்றால் மாடல் கற்றதை வைத்திருக்கும் எண்கள், அதை யாரும் இறக்கிக்கொள்ளலாம். நான் பெட்டி கட்சி. நாலைந்து கம்பெனிகளிடம் மொத்த ஏஐயும் சிக்குவதைத் தடுக்க வேறு வழியில்லை. மெட்டாவின் லாமா 3.1 70பி (70 பில்லியன் எண்கள்), எண்ணை 4 பிட் அளவுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 42 ஜிபி. 24 ஜிபி மெமரி உள்ள 3090 கார்டு ரெண்டு போதும். இறக்கி வைத்த வெயிட்டை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது.

கொருக்குப்பேட்டை கேட்: இன்னாபா, தடுக்கிறியா? கார்டு யாரோடது? என்விடியா. அவங்க ஹெச்100 ஏஐ சிப்பை அடிக்கிறது தைவான் டிஎஸ்எம்சி. அதுக்கு வேண்டிய, ஒளியால சிப்புல கோடு வரையிற ஈயுவி மெஷினை உலகத்திலேயே செய்யிறது ஒரே ஒரு கம்பெனி, நெதர்லாந்து ஏஎஸ்எம்எல். சிப் பக்கத்துல ஒட்டுற வேகமான ஹெச்பிஎம் மெமரிக்கு எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான், அவ்ளோதான். 2022 அக்டோபர்ல அமெரிக்கா ஒரு உத்தரவு போட்டு சீனாவுக்குப் பெரிய சிப் போறதையே நிறுத்துச்சு. பூட்டு அங்க தொங்குது, நீ இங்க சாவி தேடுற.

லாமாவும் மெட்டா மனசு வச்சதால வந்தது. அதுல பெரிய மாடல் 405பியைப் பழக்க 16,000க்கு மேல ஹெச்100. ஒண்ணு 700 வாட்னா கார்டு மட்டுமே 11 மெகாவாட். அடுத்த வெர்ஷனை அவங்க மூடிட்டா உங்கிட்ட இருக்கிறது பழைய மூளை. பழக்கின டேட்டா கையில இல்ல, திரும்பச் செய்யவும் முடியாது.

எண்ணூர் அனல்: சிப் கதை சரி. ஆனால் அந்த உத்தரவால் வேலை நின்றதா? சீனக் கம்பெனி டீப்சீக் தன் வி3 மாடலைப் (2024 டிசம்பர்) பழக்கியது 2,048 ஹெச்800இல். தடைக்கு ஏற்ப வேகம் குறைத்து விற்ற சிப் அது. 27.88 லட்சம் ஜிபியு மணி, அவர்கள் கணக்கில் 55.76 லட்சம் டாலர். அடுத்த மாதமே ஆர்1 மாடலை, யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி லைசென்ஸில் வெளியே விட்டார்கள். லாமா மாதிரி "70 கோடி பயனர் தாண்டினால் எங்களிடம் அனுமதி கேள்" என்ற நிபந்தனைகூட இல்லை.

கொருக்குப்பேட்டை கேட்: அந்த 55 லட்சம் கடைசி ஓட்டத்துக்கு மட்டும். முன்னாடி பண்ண ஆராய்ச்சி, சோதனை எதுவும் சேர்க்கலன்னு அவங்க கட்டுரையிலேயே இருக்கு. எல்லாரும் அந்த வரியை விட்டுட்டுத்தான் படிக்கிறாங்க. வி3க்கு 671 பில்லியன் பாராமீட்டர். 4 பிட்டுக்கு இறக்கினாலும் 330 ஜிபிக்கு மேல. உங்க ரெண்டு கார்டுல எங்க வைப்ப?

70பியே இழுக்கும் பா. பேசினதை ஞாபகம் வச்சுக்க கேவி கேஷ்னு தனி இடம் வேணும்: டோக்கனுக்கு (வார்த்தைத் துண்டுக்கு) 320 கேபி. 8,000 டோக்கன் உரையாடல் ஒண்ணுக்கு 2.6 ஜிபி. மீதி இருக்கிறது 6 ஜிபி, ஒரே நேரத்துல ரெண்டு பேரைத் தாண்டினா அவுட் ஆஃப் மெமரி. திங்கக்கிழமை காலையில மனு எழுத வர்ற கூட்டம் ரெண்டு பேரா?

பேசின்பிரிட்ஜ்: கேவி கேஷை 8 பிட்டில் வைத்தால் பாதி. மீதிப் பேர் வரிசையில் நிற்கட்டும், தாலுகா ஆபீஸில் நிற்காததா? சூடு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: கார்டு ஒன்று 350 வாட். 250க்கு வரம்பு போட்டால் வேகம் கொஞ்சம்தான் குறையும், மே மாதத்தில் பெட்டி பிழைக்கும்.

எண்ணூர் அனல்: மெமரியைவிட டோக்கன்தான் தமிழுக்குத் தொல்லை. யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். "கொ" என்றால் 6. டோக்கனைசர் தமிழ் படித்திருக்காவிட்டால் ஒரு வார்த்தையைப் பத்து துண்டாக வெட்டும். அப்போது அந்த 8,000 சீக்கிரம் தீரும், ஏபிஐ பில்லும் ஏறும். 2024 மேயில் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரியில் தமிழ் வாக்கியம் 116 டோக்கனிலிருந்து 35க்கு இறங்கியது.

கொருக்குப்பேட்டை கேட்: பாத்தியா! பெரிய கம்பெனி செஞ்சதால நமக்கு லாபம்.

எண்ணூர் அனல்: லாபம்தான். அதற்கு முன்பு இங்கிலீஷ்காரரைவிட நாம் பல மடங்கு கட்டியதும் அதே கம்பெனியின் முடிவுதான். ரெண்டு தடவையும் நம்மைக் கேட்டு முடிவு செய்யவில்லை. நாளை விலையை ஏற்றினால் யாரிடம் மனு போடுவீர்கள்?

பேசின்பிரிட்ஜ்: அரசாங்கத்திடம். 2024 மார்ச்சில் ஒப்புதலான இந்தியாஏஐ மிஷனுக்கு 10,372 கோடி ரூபாய், மானிய விலையில் ஜிபியு.

கொருக்குப்பேட்டை கேட்: அதுலயும் பெரும்பாலும் என்விடியாதான் தலீவா. வாடகைக்காரன் மாறலாம், வீட்டுக்காரன் அவன்தான்.

அதிகாரம் உடையும்னு சொல்லாதீங்க, அது என் சண்டை. மனுவுல ஆதார் நம்பர் இருக்கும், அது வெளியூர் சர்வருக்குப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க, பெட்டி வாங்க ஒத்துக்கிறேன். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பழைய மனு ஐம்பதை எடுத்து, பேர், நம்பரை அடிச்சிட்டு, மூணு மாடல் டோக்கனைசர்ல போட்டு எண்ணுங்க. சராசரி பாக்காதீங்க, ரொம்ப நீளமான மனுவைப் பாருங்க.

எண்ணூர் அனல்: பெட்டியில் மாடலை ஓட்டும் மென்பொருள் விஎல்எல்எம்மோ லாமா.சிபிபியோ போட்டால் ஓப்பன்ஏஐயின் ஏபிஐ மாதிரியே சர்வர் தரும். நிரலில் முகவரியை மட்டும் மாற்றி மாடல் தாவலாம்.

கொருக்குப்பேட்டை கேட்: முகவரி மாறும், பிராம்ப்ட் (மாடலுக்கு எழுதித் தர்ற உத்தரவு) மாறாது. ஒரு மாடலுக்கு எழுதினது இன்னொண்ணுல "ஐயா"வை "அன்புள்ள நண்பரே"ன்னு மாத்தி தாசில்தாருக்கு அனுப்பும். ஐம்பது மனுவையும் தாவுறப்பல்லாம் திரும்ப ஓட்டிப் பாருங்க.

பேசின்பிரிட்ஜ்: ஐம்பது மனுவை அடையாளம் அழித்துத் தட்டித் தர யார் வருகிறீர்கள்? ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) கையெழுத்துத் தமிழில் தடுமாறும், கையால்தான் செய்யணும்.