தீவிர இடதுசாரி இணையக் குழுக்களின் நீக்கம் பற்றிய ஆய்வுகள் ஏன் குறைவு?

கேள்வி:
2020 ஜூன் 29 அன்று, பயனர்கள் குழுக்கள் அமைத்து உரையாடும் தளமான ரெடிட்டின் நிறுவனம் ஏறத்தாழ 2,000 குழுக்களை நீக்கியபோது, டிரம்ப் ஆதரவாளர்களின் 'தி டொனால்ட்' குழுவுடன் இடதுசாரிகளின் 'சாப்போ ட்ராப் ஹவுஸ்' குழுவும் நீக்கப்பட்டது. முன்னதைப் பற்றிப் பல ஆய்வுகள் உள்ளன; பின்னதைப் பற்றி மிகக் குறைவாகவே காண்கிறேன். ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன்: இதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1:
2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வலதுசாரித் தீவிரவாதி நடத்திய மசூதித் தாக்குதல் இணையத்தில் நேரலையாகப் பரவிய பிறகு, ஆய்வாளர்களின் கவனம் வலதுசாரி வன்முறையின் மீது குவிந்தது; அது நியாயமானதே. ஆனால், குழு நீக்கத்தின் விளைவு பற்றி ஒரு தரப்பில் மட்டும் சோதித்த முடிவை எல்லாத் தரப்புக்கும் பொதுவிதியாகக் கூறுவதை நான் ஏற்கமாட்டேன்.

மறுமொழி 2:
தரவுச் சிக்கலையும் கவனியுங்கள். சாப்போ குழுவினரில் ஒரு பகுதியினர் 'லெம்மி' என்னும் திறந்தமூல மென்பொருளில் தமக்கென ஒரு தளம் அமைத்துக்கொண்டனர். அது பின்னர் 'ஹெக்ஸ்பேர்' எனப் பெயர் பெற்றது. 'தி டொனால்ட்' இடம்பெயர்ந்ததை ஆராய்ந்தவர்கள், புதிய தளத்தில் ஆள்களும் பதிவுகளும் குறைந்தாலும் எஞ்சியவர்களின் பேச்சு கடுமையானதாகக் கண்டனர். அதே அளவுகோலை ஹெக்ஸ்பேருக்கும் பொருத்திப் பார்ப்பது உங்கள் ஆய்வேட்டுக்கு ஏற்ற பொருள். ஆனால் 2023இல் ரெடிட் தன் தரவு அணுகலைக் கட்டுப்படுத்தியதால், பழைய பதிவுகளைத் திரட்டும் வழியை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 3:
ஜெர்மனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க் ஜி-20 மாநாட்டுக் கலவரத்துக்குப் பின், 2017 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் 'லிங்க்ஸ்உண்டன் இண்டிமீடியா' என்னும் தீவிர இடதுசாரித் தளத்தை, அமைப்புகளைத் தடைசெய்ய இடமளிக்கும் சங்கச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்தது. நிறுவனம் நீக்குவதும் அரசு தடைசெய்வதும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து எண்ணாதீர்கள்.