லிங்க்ட்இன் திறன் ஒப்புதல்களை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் யாராவது மதிக்கிறார்களா?

தரவுத்தச்சன் (கேள்வி)

வணக்கம். நான் தரவுத்தள நிர்வாகப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வேறு வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று, நெடுநாளாகத் திறந்துகூடப் பார்க்காத என் லிங்க்ட்இன் (தொழில்சார் தொடர்புகளுக்கான தளம்) பக்கத்தைச் சீர்செய்யத் தொடங்கினேன். அதிலுள்ள திறன்கள் பகுதி, அதாவது நாம் பட்டியலிடும் திறன்களுக்குத் தொடர்பில் இருப்பவர்கள் ஒரு சொடுக்கில் ஒப்புதல் தரும் பகுதி, எனக்கே வியப்பாக இருக்கிறது. அன்றாடம் நான் செய்கிற ஆரக்கிள் தரவுத்தள மென்பொருள் வேலைக்கு, என்னுடன் நள்ளிரவு வரை உட்கார்ந்து முடங்கிப்போன தரவுத்தளத்தை மீட்டவர்கள் சாட்சி சொல்லக்கூடிய வேலைக்கு, விரல்விட்டு எண்ணும் அளவில்தான் ஒப்புதல்கள் இருக்கின்றன. கல்லூரி முடித்த புதிதில் சிறிது காலம் தொட்டுவிட்டு விட்டுவிட்ட ஜாவா நிரல்மொழிக்கோ அதைப்போலப் பல மடங்கு. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா எனக்கு மெஷின் லேர்னிங் (தரவிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் நுட்பம்) தெரியும் என்று உறுதியளித்திருக்கிறார். அவர் என்னைக் கணினியின் முன் பார்த்ததெல்லாம் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டித் தரும்போதுதான்.

இந்த எண்ணிக்கையை ஆள் எடுப்பவர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்களா? ஆரக்கிளுக்கு ஒப்புதல் தருமாறு பழைய சகப் பணியாளர்களிடம் கேட்கலாமா, அல்லது இந்தப் பகுதியையே நீக்கிவிடலாமா?

ஆளெடுப்பவள்

மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆட்களைத் தேடிக் கொடுப்பது என் வேலை என்பதால் நடைமுறையைச் சொல்கிறேன். திறனின் பெயர், அனுபவம், ஊர் ஆகியவற்றைத் தேடல் கருவியில் கொடுத்து வடிகட்டுவோம். உங்கள் பட்டியலில் ஆரக்கிள் என்ற சொல் இருந்தால் நீங்கள் கண்ணில் படுவீர்கள், இல்லாவிட்டால் படமாட்டீர்கள். ஆகவே பகுதியை நீக்கவே நீக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 4 என்று இருக்கிறதா, 99+ என்று இருக்கிறதா என்பதைப் பார்த்து ஒருவரை அழைத்ததாகவோ ஒதுக்கியதாகவோ எனக்கு நினைவில்லை. தொலைபேசியில் தரவின் காப்பு நகலான பேக்கப்பை எந்தக் கருவியால் எடுக்கிறீர்கள், கடைசியாக எப்போது அதை மீட்டுச் சோதித்தீர்கள் என்று கேட்டால், ஆள் யார் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நாங்கள் அனுப்பும் பக்கத்தைத் திறக்கிற மேலாளர் திறன் பகுதியின் முதல் சில வரிகளோடு நிறுத்திக்கொள்வார். அங்கே ஜாவா முதலில் நின்றால், இவர் நிரல் எழுதுபவர் போலிருக்கிறது என்று நினைத்து மூடிவிடுவார். எண்ணிக்கை நன்மை செய்யாவிட்டாலும் இந்த வகையில் கெடுதல் செய்யும்.

பழையவாசகன்

சித்தப்பாவைக் குறைசொல்ல வேண்டாம். அந்தத் தளம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். லிங்க்ட்இன் 2003இல் தொடங்கியது. தொடர்பில் இருப்பவர் நம்மைப் பற்றி நாலு வரி எழுதித் தரும் பரிந்துரை வசதி தொடக்க காலம் முதலே அதில் இருந்தது. ஆனால் யோசித்து எழுத வேண்டும், பெயர் போட வேண்டும் என்பதால் எழுதியவர்கள் சிலரே. 2012 செப்டம்பரில் ஒப்புதல் வசதி வந்தபோது எழுதும் வேலையே இல்லாமல் போயிற்று. பக்கத்தைத் திறந்தவுடன், இவருக்கு இந்தத் திறன் உண்டா என்று தளமே கேட்கும். நான்கு பேரின் முகங்களை வரிசையாகக் காட்டி, நால்வருக்கும் ஒரே சொடுக்கில் ஒப்புதல் தரும் பொத்தானையும் கீழே வைத்திருந்தார்கள். போதாததற்கு, நாம் பட்டியலில் சேர்க்காத திறனைக்கூட நம் தொடர்புகளிடம் முன்வைத்து, அவர்கள் ஆமாம் என்றால் உங்கள் பக்கத்தில் இதைச் சேர்க்கலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் நூறு கோடி ஒப்புதல்கள் குவிந்துவிட்டன என்று நிறுவனமே பெருமையோடு அறிவித்தது. அத்தனை சாட்சிகள் அத்தனை விரைவில் கிடைத்ததே அந்தச் சாட்சியத்தின் தரத்தைச் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.

பொருளியலறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே பொருந்தும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வுதான் அடிப்படை. வேலை தருபவருக்கு ஒருவருடைய திறமை நேரடியாகத் தெரியாது என்பதால் அவர் பட்டம் போன்ற அடையாளங்களைப் பார்க்கிறார். திறமை உள்ளவருக்கு எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருக்கும்போதுதான் அந்த அடையாளம் இருவரையும் பிரித்துக் காட்டும். ஒப்புதலில் இந்த வேறுபாடு அறவே இல்லை. கொடுப்பவருக்குச் செலவில்லை, பொய்யானால் இழப்பில்லை, பெறுபவருக்கு உழைப்பில்லை. கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் மட்டும் மொய் நோட்டுப் போலவே நடக்கிறது. மொய்யிலாவது பணம் கைமாறுகிறது.

எனவே அந்த எண் உங்களுக்கு எத்தனை தொடர்புகள் இருக்கின்றன, அவர்கள் எவ்வளவு தாராளமானவர்கள் என்பதைத்தான் அளக்கிறது. ஜாவா முந்தி நிற்பதற்கும் காரணம் இதுவே. தொடர்பில் இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்; ஆரக்கிளில் நீங்கள் செய்வதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் சிலர்தான். பட்டியலில் பொதுவான பெயர்கள் மேலே மிதப்பதும் நுட்பமான திறன்கள் அடியில் தங்குவதும் யாருடைய பக்கத்திலும் காணக்கூடியவை.

இடைவெளிக்குப்பின்

முந்தைய பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், முழுவதும் அல்ல. குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து, பிறகு தனித்தொழிலாக மென்பொருள் சோதனைப் பணிகளை எடுத்துச் செய்யத் தொடங்கியவள் நான். நடுவில் அப்படி ஓர் இடைவெளி இருப்பவருக்கு, இன்ன இடத்தில் இவர் இந்த வேலையைச் செய்தார் என்று அங்கே இருந்த ஒருவர் சொல்வது சிறிதாவது பயன்படுகிறது. என் முதல் வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒப்புதல் கொடுத்தவர்களின் பெயர்களைத் திறந்து பார்த்திருக்கிறார், அதில் அவருக்கு முன்பே தெரிந்த சோதனைத் தலைவர் ஒருவர் இருந்தார், அவரிடம் என்னைப் பற்றி விசாரித்த பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது. 2016 வாக்கில் லிங்க்ட்இன்னும் இதை உணர்ந்துகொண்டது போல, அந்தத் துறையில் தேர்ந்தவர்களும் உடன் பணியாற்றியவர்களும் தந்த ஒப்புதல்களைத் தனியாக எடுத்துக்காட்டத் தொடங்கியது.

காவற்கோபுரம்

உங்கள் அனுபவத்தில் வேலை செய்தது அந்த வாடிக்கையாளர் செய்த விசாரணைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்புதல் ஒரு பெயரைக் காட்டியதோடு சரி. பெயரைக் காட்டுவதையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்குத் தகவல் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

2015 அக்டோபரில் டெல் செக்யூர்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஒன்றோடொன்று பின்னப்பட்ட 25 போலி லிங்க்ட்இன் கணக்குகளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள்; ஈரானிலிருந்து இயங்கும் ஒரு குழு அவற்றை நடத்துவதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அவற்றில் 8 கணக்குகள் தலைமைக் கணக்குகள். படிப்பு, பணி வரலாறு எல்லாம் நிறைவாக எழுதப்பட்டு, பெயர்பெற்ற நிறுவனங்களில் ஆட்சேர்ப்புப் பணியில் இருப்பவர்கள் போன்ற தோற்றத்தில் அவை இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு ஐந்நூறுக்கு மேல் தொடர்புகளும் இருந்தன. மீதி 17 கணக்குகளும் ஒப்புக்குச் சில வரிகளோடு உருவாக்கப்பட்ட துணைக் கணக்குகள். தலைமைக் கணக்குகளின் திறன்களுக்கு ஒப்புதல் கொடுத்து அவற்றை உண்மையான மனிதர்கள் போல் காட்டுவதுதான் அந்த 17இன் வேலை என்று அறிக்கை கூறியது. குறிவைக்கப்பட்டவர்களில் பலர் மத்திய கிழக்கில், தொலைத்தொடர்பு, அரசு, பாதுகாப்பு போன்ற துறைகளில் இருந்தவர்கள். தொடர்பில் இருப்பவர் மட்டுமே ஒப்புதல் தர முடியும் என்ற விதி அங்கே எந்தத் தடையும் செய்யவில்லை. எல்லாக் கணக்குகளும் ஒரே கையில் இருந்தால் அவை ஒன்றையொன்று சேர்த்துக்கொள்வதில் என்ன சிரமம்?

ஆகவே ஒப்புதல் தந்தவரை அந்தத் தளத்துக்கு வெளியே உங்களுக்குத் தெரியுமானால் அதைக் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் அது வெறும் பெயர்தான்.

தரவுத்தச்சன்

அனைவருக்கும் நன்றி. பகுதியை நீக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தளமே தேர்வு வைத்துத் திறனுக்குச் சான்று தருவதாகக் கேள்விப்பட்டேனே, அதை எழுதினால் ஒப்புதலை நம்பியிருக்க வேண்டாம் அல்லவா? சித்தப்பா மனம் நோகாமல் அந்த மெஷின் லேர்னிங்கை எப்படி எடுப்பது?

பழையவாசகன்

அந்தத் தேர்வு இப்போது இல்லை. 2019இல் தொடங்கினார்கள், கொள்குறி வினாக்கள், முதல் 30 விழுக்காட்டுக்குள் வந்தால் பக்கத்தில் ஒரு சின்னம். வினாக்களும் விடைகளும் நிரலாளர்கள் கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி தொகுக்கப்பட்டுவிட்டன. 2023இல் அந்த வசதியையே நிறுத்திவிட்டார்கள். ஆரக்கிள் நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வு தனி; கட்டணம் கட்டிப் படித்து எழுத வேண்டியது என்பதால் அதற்கு ஓரளவு எடை உண்டு.

கணக்குப்பிள்ளை

தாமதமாக வந்தாலும் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒப்புதலை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத தொழில்களும் உண்டு. அமெரிக்காவில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் வாடிக்கையாளரின் நற்சான்றை விளம்பரமாக்குவதை 1961ஆம் ஆண்டு விதி தடுத்துவந்ததால், பலர் இந்த வசதியையே தங்கள் பக்கத்தில் அணைத்துவைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் அங்கீகரிக்கப்பட்ட புதிய விதி நற்சான்றை அனுமதித்தது. ஆனால் சொல்பவர் வாடிக்கையாளரா, அதற்காக ஏதேனும் பெற்றாரா என்பவற்றைத் தெரிவிக்க வேண்டும். பென்சில்வேனியா வழக்கறிஞர் சங்கம் 2014இல், பிறர் தரும் ஒப்புதல்கள் உண்மைக்கு மாறாக இருக்கின்றனவா என்று வழக்கறிஞர் கவனித்துவர வேண்டும் என்று நெறிமுறைக் கருத்து வெளியிட்டது. பிறர் கொடுத்ததாயினும் நம் பக்கத்தில் நிற்கும்வரை பொறுப்பு நம்முடையது என்ற அந்த நிலைப்பாடு தரவுத்தள நிர்வாகிக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

ஆளெடுப்பவள்

திறன் பகுதியில் ஒவ்வொரு திறனுக்கும் ஒப்புதல் தந்தவர்களின் பட்டியலைத் திறக்கலாம். அதில் பெயருக்கு எதிரே உள்ள பொத்தானை அணைத்தால் அந்த ஒப்புதல் உங்கள் பக்கத்தில் தெரியாது, வேண்டுமானால் பிறகு மீண்டும் காட்டலாம். உங்களுக்குத் தெரியாத மெஷின் லேர்னிங்கைத் திறனோடு சேர்த்தே நீக்கிவிடுங்கள். சித்தப்பாவிடம், வேறு வேலை தேடுவதால் பட்டியலைச் சுருக்கிவிட்டேன் என்று சொன்னால் போதும். ஆரக்கிளை முதலிடத்துக்கு நகர்த்துங்கள். பழைய சகப் பணியாளர்களிடம் ஒப்புதல் கேட்பதற்குப் பதிலாக, அந்த நள்ளிரவு மீட்புப் பணியில் உடனிருந்த ஒருவரிடம் எழுத்துப் பரிந்துரை கேளுங்கள். என்ன பழுதானது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர் மூன்று வரி எழுதினால் அதை நான் கட்டாயம் படிப்பேன், தேவைப்பட்டால் அவரை அழைத்தும் பேசுவேன்.

இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன், பக்கத்தில் செய்யும் மாற்றங்களைத் தொடர்புகளுக்கு அறிவிக்கும் வசதியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வேலை தேடுவது உங்கள் இப்போதைய மேலாளருக்குத்தான் முதலில் தெரியவரும்.