மைனாரிட்டி ரிப்போர்ட் (2002): துப்பறியும் கதையா நிக்குதா, இல்ல ஓட்டையா? (கதை முழுக்க உடைபடும்)

தொப்பூர்_கணவாய்:
படம் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க. கொலைகாரன் யாருன்னு சொல்லித்தான் பேச முடியும்.

தருமபுரியில ஒரு கல்லூரி சினிமா மன்றத்துல அடுத்த மாசம் இதைப் போடுறதா இருக்கு. என் கருத்து என்னன்னா, 2054ஆம் வருஷம், வாஷிங்டன், கண் ஸ்கேன் எல்லாம் வெறும் மேல்பூச்சு. உள்ள இருக்கிறது பழைய பாணி கொலைக் கதை. ஆருடம் சொல்ற மூணு பேரோட கணிப்பை வெச்சு, கொலை நடக்கிறதுக்கு முன்னாடியே ஆளைப் பிடிக்கிற போலீஸ் பிரிவு, அந்தப் பிரிவோட தலைவன் ஆண்டர்டன் மேலயே வரப்போற கொலைப் பழி. ஸ்பீல்பெர்க் படங்கள்ல இவ்வளவு இறுக்கமான முதல் பாதி குறைவு.

ஆனா ரெண்டு இடம் இடிக்குது. ஸ்கேன்ல மாட்டாம இருக்க ஆண்டர்டன் கண்ணையே மாத்திக்கிறான், ஆனா தேடப்படுற ஆளோட அந்தப் பழைய கண்ணைக் காட்டினா அவன் பழைய ஆபீஸ் கதவே திறக்குது. இன்னொண்ணு, ஆண்டர்டன் கொல்லப்போறதா கணிப்பு சொல்ற லியோ க்ரோங்கிறவன் யாருன்னே ஆண்டர்டனுக்குத் தெரியாது. கணிப்பைப் பார்த்ததாலதான் தேடியே போறான். கணிப்பு வராம இருந்திருந்தா கொலையே இல்லையே?

கூடவே ஒரு தொழில்நுட்ப சந்தேகம். ப்ரொஜெக்டர்ல போட்டுப் பார்த்தா ஜன்னல் வெளிச்சமெல்லாம் வெளுத்துப் போகுது, நிறம் செத்துக் கிடக்குது, பொரிப்பொரியா இருக்கு. டிஸ்க் கோளாறா, மெஷின் கோளாறா?

ஓசூர்_பி_ஷிஃப்ட்:
கண் விஷயம் ஓட்டைதான், முட்டுக்குடுக்க வழியில்ல. ஓசூர்ல எந்த ஃபேக்டரியா இருந்தாலும் ஆளை நிறுத்தின அன்னைக்கே பஞ்ச் கார்டு செத்துடும். இங்க என்னடான்னா, கொலைக்குற்றத்துக்குத் தேடப்படுற தலைவனோட கண் ஒரு தடவை அவனையே உள்ள விடுது. அவன் சிறையில அடைபட்டப்புறம் அதே கண்ணை வெச்சு அவன் மனைவி சிறைக் கதவையே திறந்து உள்ள போறா. முதல் தடவையாவது 'அவசரத்துல மறந்துட்டாங்க'ன்னு விடலாம். ரெண்டாவது தடவைக்கு மன்னிப்பே கிடையாது. இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க: கண் மாத்தின டாக்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னாடி கட்டைப் பிரிச்சா குருடாயிடுவேன்னு மிரட்டுறார். கண்ணை ஸ்கேன் பண்ணி ஆளைத் தேடுற சிலந்தி ரோபோ வர்றப்ப ஒரு கண்ணைப் பாதியிலயே திறந்து காட்டுறான், ஒண்ணும் ஆகல.

ஆனா துப்பறியும் கதைக்கு உண்மையான சோதனை வேற. தடயத்தை முன்கூட்டியே பார்வையாளர் கண்ணுல காட்டினாங்களா, தீர்க்கிற முறையைச் சொல்லிக் குடுத்தாங்களா? இதுல படம் முழு மார்க் வாங்குது.

முதல் காட்சியைத் திரும்பப் பாருங்க. ஆருடம் சொல்றவங்க கணிப்பு திரையில பிம்பமா வருது; ஒரு பிம்பத்துல சின்னப் பையன் ஒரு பக்கம் நிக்கிறான், அடுத்த பிம்பத்துல மறுபக்கம். ரெண்டையும் ஒப்பிட்டு, பின்னாடி குடை ராட்டினம் சுத்துதுன்னு ஆண்டர்டன் கண்டுபிடிச்சு, அதை வெச்சு வீட்டைப் பிடிக்கிறான். ஒரே காட்சியோட ரெண்டு பதிவை வெச்சு எது நகர்ந்திருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான் பாடம்.

படத்தோட மைய மர்மமான, ஆன் லைவ்லிங்கிற பொண்ணோட பழைய கொலை திறக்கிறதும் அதே சாவியாலதான். கொலைகாரன் ஆண்டர்டனோட மேலதிகாரி பர்ஜஸ். அவர் திட்டம் இது: கூலிக்கு ஒருத்தனை வெச்சு ஏரிக்கரையில கொலை முயற்சி. போலீஸ் வந்து தடுத்து அவனைக் கொண்டுபோயிடும். எல்லாரும் போனப்புறம் அதே உடுப்புல, அதே மாதிரி, பர்ஜஸே கொன்னுடுறார். ஆருடம் சொல்றவங்களுக்குப் பழைய கொலையே திரும்பத் திரும்பத் தெரியுறது உண்டு, அதுக்கு 'எதிரொலி'ன்னு பேர், டெக்னீஷியன் அழிச்சுடுவான். ரெண்டாவது பதிவும் அந்தக் கணக்குல போயிடுது. பிரிவைச் சோதிக்க வந்த அரசு அதிகாரி விட்வர் எதைப் பார்த்துப் பிடிக்கிறான்? தண்ணி அலை. ஒரு பதிவுல அலை கரையை விட்டு விலகிப் போகுது, இன்னொண்ணுல கரைப் பக்கமா வருது. காத்து திசை மாறியிருக்கு, அப்போ ரெண்டும் வேற வேற நேரம். நேர்மையான தடயம்னா இதுதான். கடைசியில பர்ஜஸ் வாய் உளறி, 'அவ மூழ்கிச் செத்தான்னு நான் சொல்லவே இல்லையே'ன்னு ஆண்டர்டன் மனைவிகிட்ட மாட்டுற இடத்தை இதோட ஒப்பிட்டா, அது சோம்பேறித்தனம். நம்ம ஊர் மெகா சீரியல்லயே தேஞ்சு போன உத்தி.

பாலக்கோடு_ரீல்:
டிஸ்க் கோளாறும் இல்லை, மெஷின் கோளாறும் இல்லை. ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி வேணும்னே செய்தது.

கலர் நெகட்டிவ் கழுவுறப்போ முதல்ல டெவலப்பர். அதுல சாயமும் உண்டாகும், கூடவே உலோக வெள்ளியும் உண்டாகும். அடுத்து ப்ளீச், அந்த வெள்ளியை மறுபடி உப்பா மாத்தும். பிறகு ஃபிக்ஸர் அந்த உப்பைக் கரைச்சு வெளியேத்தும், சாயம் மட்டும் மிஞ்சும். ப்ளீச்சைத் தவிர்த்துட்டா வெள்ளி அப்படியே நின்னுடும். கலர் படத்து மேல ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டிக்கிட்ட கணக்கு. அதனாலதான் நிறம் குறையுது, கான்ட்ராஸ்ட் ஏறுது, பொரி தெரியுது. நெகட்டிவ்ல வெளிச்சமான இடத்துலதான் வெள்ளி அதிகம் தங்கும், அதான் ஜன்னலும் வானமும் வெளுத்து வெடிக்குது. போதாததுக்குப் படப்பிடிப்புலயே வெளிச்சத்தைத் தூக்கலா வெச்சு எடுத்திருக்காங்க.

இது தெரியாம கலரை 50ல இருந்து 70க்கு ஏத்தினா முகமெல்லாம் மஞ்சள் காமாலை ஆயிடும். செய்ய வேண்டியது: பிக்சர் மோடு சினிமா. ஷார்ப்னெஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்துல, இல்லேன்னா பொரி ஒவ்வொண்ணும் எறும்பு மாதிரி ஊரும். நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் ரெண்டும் ஆஃப். பிரைட்னெஸ்ஸை மேல கீழ இருக்கிற கறுப்புப் பட்டையைப் பார்த்து வைங்க. பட்டை சாம்பலாத் தெரிஞ்சா இறக்கணும், கறுப்பு உடுப்புல துணி மடிப்பு காணாமப் போனா கொஞ்சம் ஏத்தணும்.

பட்டையைப் பார்த்து ஜூம் பண்ணிடாதீங்க, படம் 2.39:1, அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம். 10 அடி அகலத் திரையில 16:9 உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம், படம் நிக்கிறது 4 அடி 2 அங்குலம்தான். மேல கீழ எட்டரை அங்குலம் காலியா இருக்கும். ஜூம் பண்ணினா ஆண்டர்டன் கையால பிம்பங்களைத் தள்ளுற காட்சியில ஓரத்துல இருக்கிற பிம்பமே வெட்டுப்படும்.

வெளிச்சக் கணக்கு: நல்ல இருட்டுல சதுர அடிக்கு 14 லூமென் விழுந்தா தியேட்டர் அளவு. 56 சதுர அடிக்கு 785 லூமென். பெட்டியில போட்டிருக்கிற எண் சினிமா மோடுல பாதிகூட வராது, அதனால 2000 எழுதின மெஷின் இருந்தாப் போதும். எத்தனை லூமென் இருந்தாலும் பகல்ல ஜன்னல் ஒழுகினா இந்தப் படம் செத்துது, இதுல பாதி நிழல்தான். சித்திரை வெயில்ல ஆறே முக்கால் மணிக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்க.

ஊத்தங்கரை_வாசகன்:
லியோ க்ரோ கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இதற்கு விடை மூலக்கதையில் இருக்கிறது. பிலிப் கே. டிக் 1956இல் எழுதிய சிறுகதை அது. அதில் ஆருடம் சொல்லும் மூவரின் மூன்று அறிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. முதல் அறிக்கை, ஆண்டர்டன் கொல்வான் என்கிறது. அதை அவன் படித்துவிட்டான் என்பதையும் கணக்கில் எடுத்த இரண்டாவது, கொல்லமாட்டான் என்கிறது. இரண்டாவதையும் படித்துவிட்டான் என்று வைத்து மூன்றாவது, கொல்வான் என்கிறது. முதலும் மூன்றும் ஒத்துப்போவது போலத் தெரிவதால் பெரும்பான்மை. உண்மையில் மூன்றும் மூன்று வேறு எதிர்காலங்கள். அறிக்கையைப் பார்க்கும் பதவியில் இருப்பவனுக்கு மட்டுமே இந்தச் சிக்கல் வரும் என்பதையும் கதையே சொல்லிவிடுகிறது.

படம் இந்த ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஆண்டர்டனுக்கு மாற்று அறிக்கையே (மற்ற இருவரோடு ஒத்துப்போகாத 'மைனாரிட்டி ரிப்போர்ட்') இல்லை என்று, ஆருடம் சொல்பவர்களில் ஒருத்தியான அகதாவிடம் தேடிப் பார்த்ததும் தெரிகிறது. தலைப்புக்குக் காரணமான விஷயம் படத்தில் கிட்டத்தட்ட அலங்காரம்தான்.

ஓசூர்_பி_ஷிஃப்ட்:
ஊத்தங்கரை சார், சிறுகதை பத்திச் சொன்னது சரி. ஆனா 'தூக்கிப் போட்டுட்டாங்க'ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வெச்சிருக்காங்க. ஓட்டல் அறையில ஆண்டர்டன் க்ரோவைக் கொல்லல, கைது பண்ணி உரிமைகளைப் படிச்சுக் காட்டுறான். க்ரோதான் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேரணும்னு துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்து வெடிக்க வைக்கிறான். வெளிய பார்த்தா கணிப்புல வந்த அதே பிம்பம். பிம்பம் பொய் சொல்லல, அதைக் கொலைன்னு படிச்சதுதான் தப்பு. ஜன்னலுக்கு வெளிய தெரிஞ்ச கறுப்புக் கண்ணாடிக்காரன் விளம்பரப் பலகைன்னு தெரியுற இடமும் இதே கணக்குதான். கணிப்பே கொலைக்குக் காரணமாகிற சுழற்சி தீரலன்னு வேணா சொல்லுங்க, ஒத்துக்கிறேன்.

தொப்பூர்_கணவாய்:
ரொம்ப நன்றி. க்ரோ விஷயத்துல நான் ஊத்தங்கரை சார் பக்கம், ஆனா தண்ணி அலையை நான் கவனிக்கவே இல்ல, அதுக்காகவே பசங்களுக்கு ராட்டினக் காட்சியில ஒரு தடவை நிறுத்திக் காட்டணும். கடைசியா ஒரு சிக்கல்: தமிழ் சப்டைட்டில் ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப் போக வசனத்துக்கு முன்னாடியே வந்துடுது.

பாலக்கோடு_ரீல்:
அது விநாடிக்கு 25 பிரேம் ஓடுற பதிப்புக்குப் போட்ட சப்டைட்டில். உங்க படம் 23.976. 145 நிமிஷப் படத்துல கடைசி வரும்போது கிட்டத்தட்ட 6 நிமிஷம் முந்திடும். விஎல்சி பிளேயர்ல ஜி, எச் பட்டனை அழுத்தினா முழுசும் ஒரே அளவு நகரும், இந்தக் கோளாறு தீராது. சப்டைட்டில் எடிட்ங்கிற மென்பொருள்ல திறந்து பிரேம் ரேட்டை 25ல இருந்து 23.976க்கு மாத்தி, யூடிஎஃப்-8ல சேமிங்க. வேற குறியீட்டுல சேமிச்சா தமிழ் எழுத்து குப்பையா வரும். எழுத்துரு நிர்மலா வைங்க. வரிகளைக் கீழ இருக்கிற கறுப்புப் பட்டைக்குள்ள இறக்கிடுங்க, வெளுத்த காட்சியில வெள்ளை எழுத்து தெரியாது.